ஒற்றைக் கைக்கு ஓர் அடுப்பு

கடையின் பின்கோடியில், நாய்த்தீவன மூட்டைகளுக்கும் புல்வெட்டும் இயந்திரங்களுக்கும் நடுவே, இறைச்சி சுடுகிற கேஸ் கிரில் அடுப்புகள் வரிசையாக நின்றன. ஆர்டிஸ் ஸ்கோக்ஸ்டாட் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, இடது கையால் மட்டும் மூடியைத் திறந்து மூடிப் பார்த்தாள். பிறகு அதே கையால் குமிழைத் திருகினாள். பிறகு உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

"என்ன ஆர்டிஸ், போலீஸ்காரன் ஒரு கைக்கு மட்டும் விலங்கு மாட்டிட்டானா?" என்றார் டெல்மர். அவள் கணவன் வெர்லினின் அண்ணன். கூப்பிடாமலே கூட வந்திருந்தார். எங்கே சாமான் வாங்கினாலும் அவருக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கும்.

"உங்க தம்பி கைய நான் மாட்டிக்கிட்டுப் பாக்குறேன்" என்றாள் ஆர்டிஸ்.

டெல்மர் பக்கத்தில் நின்ற பெரிய கிரில்லைத் தட்டிக் காட்டினார். "இதப் பாரு, ஆறு பர்னர். ஒரு ஆட்டையே படுக்க வைக்கலாம்."

"இத இழுக்கத் தனியா ஒரு டிரெய்லர் வேணும். அத நீங்க இழுத்துட்டு வருவீங்களா?"

ஆர்டிஸுக்கு அறுபத்தாறு வயது. ஆள் குட்டை, தோள் மட்டும் அகலம். விஸ்கான்சினில் அந்தச் சின்ன ஊரின் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள். தினம் முந்நூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு, அதுவும் பதினொன்றரை மணி அடித்தால் தட்டில் விழுந்தாக வேண்டும். அந்த முப்பத்தொரு வருஷத்தில் அவளுக்குள் ஊறிப்போன ஒரு குணம், யாருக்காகவும் காத்திருக்க முடியாதது. தட்டை நீட்டி நிற்கிற பிள்ளை "எனக்கு..." என்று இழுப்பதற்குள் அவள் பட்டாணியை அள்ளிப் போட்டுவிடுவாள். பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும்.

வெர்லின் பால் டேங்கர் ஓட்டியவர். பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை ஏற்றி சீஸ் தொழிற்சாலையில் இறக்குவதே அவர் வாழ்நாள் வேலை. போன ஜனவரியில் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியோடு சாய்ந்தார். பக்கவாதம். உயிர் பிழைத்தது. வலது கை தொங்கிப்போனது, வலது கால் இழுத்தது, பேச்சு மட்டும் உள்ளே எங்கோ மாட்டிக்கொண்டது. புத்தியெல்லாம் பத்திரமாக இருந்தது. ஒரு சொல்லை வெளியே கொண்டுவர அவர் படும் பாட்டைப் பார்த்தால் பார்க்கிறவர்களுக்கு மூச்சு முட்டும்.

"அவரு முடிக்கிற வரைக்கும் பொறுங்க, நீங்க எடுத்துக் குடுக்காதீங்க" என்று பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஆர்டிஸிடம் மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனாள். ஆர்டிஸ் மூன்று தடவையும் தலையாட்டினாள். அப்புறம் வெர்லின் "த..." என்றதும் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள். பாசம்தான், இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஏப்ரல் மாதம் வருவதற்குள் அவர் "த..." என்பதையும் விட்டுவிட்டார். குளிர்காலம் முழுக்க சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து, கோடையில் காரில் கட்டி இழுத்துப்போய்த் தங்குகிற, இப்போது பனி மூடிக் கிடந்த டிரெய்லர் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த டிரெய்லரைத்தான் மகள் டாம்ரா விற்கச் சொன்னாள். டாம்ரா இரண்டு மணி நேரத் தொலைவில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கெட்டவள் இல்லை. அடிபட்டு வருகிறவர்களையே நாள் முழுக்கப் பார்த்து, உலகத்தில் எல்லாமே அடிபடத்தான் இருக்கிறது என்று நம்பத் தொடங்கிவிட்டவள். தாயும் மகளும் போனில் ஒரு மாதம் மல்லுக்கட்டிக் கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள்.

"ஒரே ஒரு தடவம்மா. ஜூன் கடைசில நாலு நாள் ஏரிக்கரைக்குப் போயிட்டு வாங்க. சனிக்கிழமை மத்தியானம் நான் அங்க வந்து பாப்பேன். ஏதாவது ஒண்ணு ஏடாகூடமா நடந்துச்சுன்னா டிரெய்லர வித்துடணும். அப்புறம் அழக்கூடாது."

"நான் எப்ப அழுதேன்?"

"அம்மா. சரியா, இல்லையா?"

"சரி" என்றாள் ஆர்டிஸ். கொடுத்த வாக்கை மீறுகிற பழக்கம் அவளிடம் கிடையாது. அதுதான் தொல்லை. டிரெய்லர் போனால் வெர்லினுக்கு ஜன்னலோரம் மட்டும்தான் மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்த மனிதர்கள் எத்தனை நாள் தாங்குவார்கள் என்பதையும் அவள் அந்த ஊரில் பார்த்திருந்தாள்.

அதனால்தான் அடுப்பில் இவ்வளவு யோசனை. ஏரிக்கரை முகாமில் சாயங்காலம் ஐந்தரை ஆனால் ஆண்கள் எல்லோரும் அவரவர் டிரெய்லர் பக்கத்தில் கிரில்லுக்கு முன்னால் நிற்பார்கள். மற்றவர்கள் கையில் பீரோடு ஒவ்வொரு கிரில்லாகப் போய் எட்டிப்பார்த்து, "நல்லா வருது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்வார்கள். சொல்லப்போனால் அவர்களுடைய கோவிலும் மன்றமும் அதுதான். கிரில் இல்லாத ஆணுக்கு அங்கே நிற்க இடம் கிடையாது, நாற்காலியில் உட்கார்ந்து கொசு விரட்ட வேண்டியதுதான். வெர்லினின் பழைய கிரில்லோ இரும்புப் பெட்டகம் மாதிரி. மூடியைத் தூக்கவே இரண்டு கை வேண்டும்.

ஆகவே அவள் தேடிய அடுப்புக்கு மூன்று லட்சணம் வேண்டியிருந்தது. அவளே தனியாகத் தூக்க வேண்டும். அவர் இடது கையால் ஆள வேண்டும். கூடவே டிரெய்லர் சுவரில் இருக்கும் கேஸ் இணைப்பில் மாட்டிக்கொள்ள வேண்டும், சிலிண்டர் தூக்கிக்கொண்டு அலையக்கூடாது.

மூன்றாவது சுற்றில் அது கிடைத்தது. மடக்குக் கால், இரண்டு பர்னர், குமிழ்கள் முன்பக்கம், மூடியின் கைப்பிடி ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் நீளமாக ஓடியது. இடது கையை எங்கே வைத்தாலும் மூடி எழுந்து வந்தது. ஆர்டிஸ் அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நாய்த்தீவனம் வரை போய்த் திரும்பி வந்தாள். மறுபடியும் ஒரு தடவை போனாள்.

"அம்மா, வாங்கிட்டு அப்புறம் தூக்கிட்டுப் போலாமே" என்றாள் கடைப் பெண்.

"இதோட ஓட முடியுதான்னு பாக்குறேன்" என்றாள் ஆர்டிஸ். டிரெய்லரில் மாட்டுகிற நீளக் குழாய் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"பொம்மை அடுப்பு" என்றார் டெல்மர். ஆனாலும் அதைக் காரில் ஏற்றியது அவர்தான்.

செவ்வாய்க்கிழமை ஆர்டிஸ் மாத்திரை வாங்கப் போயிருந்த நேரத்தில், டெல்மர் வந்து அடுப்பை டிரெய்லரில் மாட்டிப் பற்றவைத்தார். தீ மெழுகுவர்த்தி அளவுக்கு அழுது வடிந்தது. காரணம் அவருக்கு உடனே விளங்கியது. டிரெய்லரின் முன்பக்கச் சிலிண்டரிலேயே ஒரு ரெகுலேட்டர் இருக்கிறது, அங்கேயே கேஸின் வேகம் குறைந்துதான் சுவருக்கு வருகிறது. அடுப்பிலும் வட்டமாக இன்னொரு ரெகுலேட்டர் இருந்தால், குறைந்தது மேலும் குறையும். டெல்மர் ஸ்பேனரை எடுத்து அடுப்பிலிருந்த வட்டத்தைக் கழற்றிப்போட்டார். தீ நீலமாக, ஜம்மென்று எழுந்தது.

அதில் தப்பு ஒன்றும் இல்லை. டிரெய்லர்க்காரர்களில் பலர் செய்கிற வேலைதான். ஆனால் ஒன்று. அப்படிக் கழற்றிய அடுப்பை அப்புறம் ஒருநாளும் நேராகச் சிலிண்டரில் மாட்டக்கூடாது. மாட்டினால் கேஸ் முழு வேகத்தோடு பாயும், பற்றவைத்தவர் முகம் முகமாக இருக்காது. டெல்மருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் தம்பியிடம் விவரமாகச் சொன்னார்: "டிரெய்லர்ல மட்டும்தான் மாட்டணும். சிலிண்டர்ல வேண்டவே வேண்டாம். ஆர்டிஸ் கிட்ட சொல்லிடு, என்ன?" வெர்லின் தலையாட்டினார். டெல்மர் கனடாப் பக்கம் மீன் பிடிக்கக் கிளம்பிப் போய்விட்டார். பேச்சு வராதவனிடம் சேதி சொல்லி அனுப்புகிற புத்திசாலித்தனம் அவருக்குத்தான் வரும்.

ஆர்டிஸுக்கு இதெல்லாம் பிற்பாடுதான் தெரிந்தது. ஆனால் வெர்லின் சொல்லாமல் விடவில்லை. அன்று சாப்பாட்டு மேசையில், எத்தனையோ வாரத்துக்குப் பிறகு, அவராக வாயைத் திறந்தார்.

"அ... அடு... டெல்..."

"டெல்மர் வந்தாரா? அடுப்பப் பாத்தாரா?"

அவர் தலையாட்டினார். இடது கை விரலால் மேசைமேல் ஒரு வட்டம் போட்டார். "இ... இல்ல... வ..."

"எரியலையா?"

எரிகிறது என்று தலையசைத்தார்.

"எரியுதுல்ல? அப்ப என்ன? பொம்மை அடுப்புன்னு உங்கண்ணன் கிண்டல் பண்ணாரா? அவரு கெடக்குறாரு, விடு. மாத்திரயப் போடு மொதல்ல."

வெர்லின் மறுபடியும் வட்டம் போட்டார். ஆர்டிஸ் அதற்குள் எழுந்து பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டாள். அவர் உள்ளங்கையால் மேசையை ஓங்கித் தட்டினார். களைத்துப்போய்விட்டார் என்று அவள் நினைத்தாள், பாவம்.

வியாழக்கிழமை அவளே டிரெய்லரை இழுத்துக்கொண்டு போனாள். மே மாதம் முழுக்க லூத்தரன் சர்ச்சின் காலி மைதானத்தில் பின்னால் எடுக்கப் பழகியிருந்தாள், குப்பைத்தொட்டிகளில் இரண்டு அதற்குப் பலி. முகாமில் ஒரு டிரெய்லர் நுழைந்தால், இருக்கிறவர்கள் அத்தனை பேரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது. ஆர்டிஸின் கழுத்தெல்லாம் வியர்த்தது. வெர்லின் இறங்கிப் பின்னால் போய் நின்று, கைத்தடியைத் தூக்கி இடம், வலம் என்று காட்டினார். மூன்றாவது முயற்சியில் டிரெய்லர் இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே போய் நின்றது. பக்கத்து இடத்து வென்செல் என்ற பெரியவர் பீர் டப்பாவை உயர்த்தி வாழ்த்தினார். ஆர்டிஸ் ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஒரு குறையும் இல்லை. அடுப்பை டிரெய்லர் சுவரில் மாட்டினாள், தீ நன்றாக எரிந்தது. ஐந்தரை மணிக்கு வெர்லின் அதன் முன்னால் போய் நின்றார். இடுப்பை டிரெய்லரில் சாய்த்துக்கொண்டு, இடது கையால் மூடியைத் திறந்து, அதே கையால் இடுக்கியை எடுத்து, சாசேஜ்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். இரண்டு கீழே விழுந்தன. யாரும் கண்டுகொள்ளவில்லை. வென்செல் வந்து எட்டிப்பார்த்தார்.

"நல்லா வருது" என்றார்.

"வ...ருது" என்றார் வெர்லின்.

உள்ளே பாத்திரம் கழுவும் தொட்டியில் கை விட்டபடி நின்ற ஆர்டிஸுக்கு அது கேட்டது. அவள் அழுதாள், சந்தோஷத்தில்தான். இரண்டு நாள் தாண்டியாயிற்று. இனி மகள் வருகிற சனிக்கிழமை ஒன்றுதான்.

சனிக்கிழமை காலையிலேயே டாம்ராவின் கண்ணை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தாள். படிக்கட்டில் ஈரம், துடைத்தாள். கயிறு காலைத் தடுக்கும், அவிழ்த்தாள். அடுப்புக்குப் பின்னால் டிரெய்லர் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். நேற்று சமைத்து முடித்ததும் அந்த இடம் சுட்டது ஞாபகம் வந்தது. "சுவத்துல ஒட்டினாப்புல நெருப்பா?" என்று மகள் கேட்பது காதிலேயே கேட்டது. இதற்காகவா இவ்வளவு பாடுபட்டோம்? அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய் டிரெய்லரின் மறுகோடிக்கு எதிரே இருந்த மரமேசைமேல் வைத்தாள்.

இப்போது குழாய் எட்டவில்லை.

மணி பதினொன்றரை. வெர்லின் டிரெய்லருக்குள் மகளுக்காக நல்ல சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். ஒற்றைக் கையால் ஏழு பொத்தான், அது முடிய நேரம் ஆகும். ஆர்டிஸ் அவருடைய பழைய சாமான் பெட்டியைக் கிளறினாள். விளக்குக்கு வைத்திருந்த சின்னப் பச்சைச் சிலிண்டர் ஒன்று இருந்தது. குழாய்கள் நாலைந்து கிடந்தன. ஒன்றின் ஒரு முனை சிலிண்டரில் திருகிக்கொண்டது, மறுமுனை அடுப்பில் சொடக்கென்று பிடித்துக்கொண்டது. பொருந்திவிட்டதால் சரி என்றுதான் நினைத்தாள். பள்ளிக்கூடத்தில் கேஸ் சுவருக்குள்ளிருந்து வரும், குமிழைத் திருப்பினால் எரியும். அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று அவள் முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை.

சிலிண்டரைத் திறந்தாள், குமிழைத் திருகினாள். சீறல் கொஞ்சம் பலமாகத்தான் இருந்தது. ஏரிக்காற்றும் பலமாக இருந்ததால் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. பற்றவைக்கும் பொத்தானை அமுக்கினாள். டிக். டிக். டிக். பிடிக்கவில்லை. காற்று உள்ளே புகாதிருக்க மூடியை இறக்கினாள். மறுபடியும் டிக், டிக். குனிந்து பையிலிருந்து நீளக் கழுத்து லைட்டரைத் தேடி எடுத்தாள். மூடிக்குள் கேஸ் நிறைந்துகொண்டே இருந்தது.

டிரெய்லர் கதவு திறந்தது. வெர்லின் படியில் நின்றார். மேசையைப் பார்த்தார், பச்சைச் சிலிண்டரைப் பார்த்தார்.

"ஆ... ஆர்..."

"சட்ட போட்டாச்சா? இரு, பத்தவெச்சுட்டு வந்துடறேன்" என்றாள் திரும்பாமலே.

"வே... வே..."

"தெரியும், நீதான் பெரட்டணும். உனக்காகத்தான் வெக்கிறேன். உக்காரு."

மரமேசைக்கும் படிக்கும் எட்டடி தூரம். அந்த எட்டடியை வெர்லின் எப்படிக் கடந்தார் என்பது அவருக்கே தெரியாது. ஆர்டிஸ் மூடியைத் தூக்கி, முகத்தைக் கிட்டே கொண்டுபோய், லைட்டரின் விசையில் விரலை வைத்தாள். அந்த நொடியில் கைத்தடி அவள் மணிக்கட்டில் இறங்கியது. லைட்டர் புல்லில் போய் விழுந்தது. உருளைக்கிழங்கு சாலட் பாத்திரம் கவிழ்ந்தது. வலியில் ஆர்டிஸ் கத்தினாள்.

சரியாக அப்போதுதான் டாம்ராவின் கார் வளைவில் திரும்பி நின்றது. அவள் பார்த்தது இதை மட்டும்தான். அப்பா தடியைத் தூக்கி அம்மாவை அடிக்கிறார்.

"அப்பா!" கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடிவந்தாள். தடியைப் பிடுங்கித் தூர எறிந்தாள். அவர் அவளைத் தள்ளிக்கொண்டு மேசைப் பக்கமே பாய்ந்தார். அவள் இரண்டு கையாலும் அவர் தோளைக் கட்டிப் பிடித்தாள். "என்ன பண்றீங்க? அம்மாவ விடுங்க! அம்மா, தள்ளிப் போ!"

அவர் இடது கை காற்றில் துழாவியது. தொண்டையிலிருந்து சத்தம் வந்தது, சொல் வரவில்லை. வென்செல் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

ஆர்டிஸ் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்பத்து நாலு வருஷத்தில் அவர் அவள்மேல் ஒரு விரல் வைத்ததில்லை. கோபம் பாதி, அவமானம் பாதி. நாலு டிரெய்லர் ஜனமும் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது காற்று ஒரு கணம் அடங்கியது. நாற்றம் மூக்கில் ஏறியது. சமையலறைக்காரியின் மூக்கு. சீறல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. வெர்லினின் கை அவளை நோக்கி நீளவில்லை, சிலிண்டரை நோக்கி நீண்டது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நல்ல கையால் சிலிண்டரைத் திருகி அடைத்தாள். பிறகு குமிழையும் அடைத்தாள்.

சீறல் நின்றதும் வெர்லின் முறுக்கு விட்டுத் தொய்ந்தார். டாம்ரா அவரைப் பெஞ்சில் உட்காரவைத்தாள். அவள் கண்ணில் நீர் நின்றது, குரல் மட்டும் ஆஸ்பத்திரிக் குரல்.

"அம்மா, இது அந்த நோய் பண்ற வேல. டாக்டரே சொன்னாரு, சில பேருக்குக் குணம் மாறிடும், கை நீட்டுவாங்கன்னு. நான் அப்பாவ ஒண்ணும் சொல்லல. ஆனா போதும். இன்னிக்கே கெளம்பலாம். டிரெய்லருக்கு ஆள் பாத்துக்கலாம்."

ஆர்டிஸ் வெர்லினைப் பார்த்தாள். பொத்தானை ஒரு துளை தப்பிப் போட்டிருந்தார். வாயோரம் எச்சில். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்ல வந்தே?" என்றாள்.

"அவரால முடியாதும்மா, அவர..."

"நீ சும்மா இரு." மகளிடம் அவள் அப்படிப் பேசிப் பல வருஷமாகிறது. அவள் வெர்லினுக்கு எதிரே, சாலட் சிந்திய பெஞ்சில் உட்கார்ந்தாள். "சொல்லு. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அவர் சொல்லத் தொடங்கினார். "டெ..." என்றார். ஆர்டிஸின் நாக்கு நுனிக்கு 'டெல்மர்' வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள். ஏரியில் யாரோ படகை முடுக்கினார்கள், அது பிடித்து, கிளம்பி, தூரமாகப் போயிற்று. "டெல்...மர்" என்றார். பிறகு விரலால் மேசையில் வட்டம் போட்டார். "க...ழட்டி." மூச்சு வாங்கினார். "டிரெ...ய்லர்... சரி." பச்சைச் சிலிண்டரைக் காட்டினார். "இதுல... கூ...டாது. செ...த்து..." அதற்கு மேல் வரவில்லை.

அந்த வட்டம். செவ்வாய்க்கிழமை அவர் போட்ட வட்டம்.

வென்செல் கிட்டே வந்து குனிந்து அடுப்பின் அடியைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "ரெகுலேட்டரே இல்லையேம்மா. நீ மட்டும் இதக் கொளுத்தியிருந்தா... மனுஷன் ஒன்னக் காப்பாத்திட்டான்" என்றார்.

டாம்ரா புல்லில் கிடந்த கைத்தடியைப் பார்த்தபடி நின்றாள்.

ஆர்டிஸுக்கு முன்னால் ஒரு சுலபமான வழி இருந்தது. எல்லாப் பழியையும் டெல்மர் தலையில் போட்டுவிட்டால் டிரெய்லர் பிழைத்துக்கொள்ளும். அவர் கனடாவில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார், மறுத்துப் பேச வரப்போவதில்லை. அவள் அதைச் செய்யவில்லை.

"டாம்ரா, செவ்வாக்கெழமையே உங்கப்பா எங்கிட்டச் சொல்ல வந்தாரு. நான் கேக்கல. இப்பவும் படியில நின்னு கூப்பிட்டாரு, நான் திரும்பிக்கூடப் பாக்கல. ஏடாகூடம் பண்ணது நான். பேசினது பேசினதுதான், டிரெய்லர வித்துடலாம். ஆனா அப்பா அடிச்சாருன்னு மட்டும் நீ எவங்கிட்டயும் சொல்லக்கூடாது. ஒன் மனசுலகூட வெச்சுக்கக்கூடாது."

டாம்ரா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்கு முன்னால் வெர்லின் உள்ளங்கையால் மேசையைத் தட்டினார். இரண்டு பெண்களும் திரும்பினார்கள்.

"எ..." என்றார்.

காத்திருந்தார்கள். டாம்ராவின் விரல்கள் ஒன்றையொன்று பிசைந்தன. வென்செல் கூடக் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

"என்...கிட்ட..." என்றார் வெர்லின். நெற்றி நரம்பு புடைத்தது. "யா...ரும்... கேக்...கல."

அது உண்மை. ஒரு மாதம் போனில் சண்டை போட்டார்கள், ஒப்பந்தம் செய்தார்கள், தேதி குறித்தார்கள், விற்பதா வைத்துக்கொள்வதா என்று இந்த நிமிஷம் வரை மல்லுக்கு நின்றார்கள். டிரெய்லரோ அவர் பேரில் இருந்தது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. ஆர்டிஸுக்கு மணிக்கட்டு வலி மறந்துபோய், அதைவிடப் பெரிதாக ஒன்று வலித்தது.

டாம்ரா மெதுவாகத் தரையில் மண்டியிட்டு, அப்பாவின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தாள்.

"கேக்குறேன்ப்பா. டிரெய்லர விக்கலாமா?"

அவர் பதில் சொல்ல ஆரம்பித்தார். அது நீளமான பதில். முதல் எழுத்துக்கே வெகு நேரம் பிடித்தது. ஆர்டிஸ் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாய் திறக்காமல், அவர் முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தாள்.